பூச்சியப் பாகையும் ஆலங்கட்டியும்: சபரகமுவத் தோட்டப்புறங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப்புறங்களிலே பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு காட்சி எப்போதாவது காணக்கிடைக்கும். காலை முழுவதும் வெயில் தகிக்கும். நண்பகலிலே வெப்பநிலை 32, 33 பாகை செல்சியசைத் தொடும். இரண்டு மணியளவில் மேற்கு வானம் இருண்டுவரும். மூன்று மணிக்கு இடியோடு மழை இறங்கும். அம்மழையின் முதற் பத்து நிமிடங்களில் லயத்தின் தகரக் கூரைமீது கல்லெறிந்தாற்போன்ற ஓசை எழும். முற்றத்திலே வெள்ளை வெள்ளையாகப் பனிக்கட்டி உருளும். பிள்ளைகள் பொறுக்கி வாயிலிடுவர். முதியோர் சிலர் இதைத் தெய்வக் குற்றம் என்பர்; சிலர் நல்ல சகுனம் என்பர். அரைமணி நேரத்தில் எல்லாம் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். அன்றைய நாளில் அத்தோட்டத்தின் எந்த மூலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கியிராது.

நீர் 0 பாகையிலே உறையும், அதற்கு மேலே பனிக்கட்டி உருகும் என்று தோட்டப் பாடசாலையிலே படித்த பிள்ளை இதைக் கண்டு, அப்படியானால் இது எப்படி வந்தது என்று கேட்குமாயின், அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. இதே கேள்வியை வேறொரு வடிவில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம்மவர் கேட்கின்றனர். வெளியே வெப்பமானி 2 பாகை, 3 பாகை என்று காட்டுகிறது. ஆயினும் வெண்பனி கொட்டுகிறது. வெப்பமானி பிழையோ என்று ஐயுறுகின்றனர். வெப்பமானியிற் பிழையில்லை. பனிக்கட்டி தோன்றிய இடம் வேறு, அது வந்து விழும் இடம் வேறு. இரண்டுக்கும் இடையே ஒரு பயணமும் அப்பயணத்துக்கு ஆகும் காலமும் உள்ளன. நிலத்தருகே வைக்கப்பட்ட வெப்பமானி பயணத்தின் இறுதிக் கட்டத்தை மட்டுமே அறியும். ஒரு பொருளின் இன்றைய நிலையை அதன் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குவதால் எழும் குழப்பங்களுள் இதுவும் ஒன்று. இலக்கிய மாணவராகிய நாம் வானிலையியலுக்குள் நுழைவதற்கு இதனைத் தவிர வேறு உரிமை எதனையும் கோரவில்லை.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். தமிழிலே ‘பனி’ என்னும் சொல் பல பொருள்களைத் தன்னுள் அடக்குவது. புல்நுனியில் விடியற்காலையில் நிற்கும் துளியும் பனி. மலையை மறைக்கும் மூட்டமும் பனி. நுவரெலியாவிலே தை மாதத்தில் புற்றரையை வெளுக்கச் செய்யும் உறைவும் பனி. வட நாடுகளில் வானிலிருந்து இறங்கும் படிகமும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டைப் பகுத்த தொல்காப்பிய மரபு துளியையும் குளிரையும் மனங்கொண்டதே தவிர வானிலிருந்து விழும் படிகத்தையன்று. இமயத்தின் பனியைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். அது கேள்வியால் வந்த அறிவு. ஆனால் வானிலிருந்து விழும் பனிக்கட்டிக்கு அவர்களிடம் தனிச் சொல் இருந்தது. ‘ஆலி’ என்பது அது. பிற்கால வழக்கில் ‘ஆலங்கட்டி’ ஆயிற்று. கண்டதற்குத் தனிச் சொல்லும் காணாததற்குப் பொதுச் சொல்லும் வழங்குவது மொழிகளின் இயல்பு. ஆதலால், தமிழ் வழங்கிய வெப்ப நிலங்களிலே, நிலம் சூடாயிருக்கும்போதே வானிலிருந்து பனிக்கட்டி விழும் என்பது ஈராயிரம் ஆண்டுப் பழமையான அவதானம். விளக்கந்தான் புதியது.

மலையக எழுத்திலே பனி மிகுதியாகப் பேசப்படுவதும் ஆலங்கட்டி அரிதாகவே வருவதும் நோக்கத்தக்கன. அவ்விலக்கியத்தின் நிலக்காட்சி பெரிதும் நுவரெலியா, ஹட்டன் முதலான உயர்மலைப் பிரதேசத்தினது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை முதலிய பகுதிகளின் புழுக்கமும் இறப்பர் மரநிழலும் ஓயா மழையும் அதிற் போதிய இடம் பெறவில்லை என்பது எமது கருத்து.

இனி விடயத்துக்கு வருவோம். 0 பாகை என்பதை ஒரு கோடு என்று நாம் கருதப் பழகியுள்ளோம். கோட்டுக்கு அப்பால் திண்மம், இப்பால் திரவம். அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு எடுத்துக்காட்டாக ஏங்கெல்ஸ் 1878 இல் நூலுருவம் பெற்ற ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் இதனையே கையாண்டார் என்பது முற்போக்கு வாசகர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் நமது மேடைகளில் அவ்வெடுத்துக்காட்டு பெரும்பாலும் பாதியில் நிறுத்தப்பட்டுவிடுகிறது. சாதாரண வளியமுக்கத்தில் என்ற நிபந்தனையை ஏங்கெல்ஸ் மறவாது சேர்த்தார். அவருக்கு முன்னரே ஹெகல், அசையாது நிற்கும் நீர் உறைநிலைக் குளிரை அடைந்தும் நீராகவே நிற்கக்கூடும் என்பதையும் சிறிய அதிர்வொன்று அதனைத் திடீரெனத் திண்மமாக்கும் என்பதையும் தமது அளவையியல் நூலிற் குறித்திருந்தார். அதாவது பூச்சியத்துக்குக் கீழே நீரும் பூச்சியத்துக்கு மேலே பனிக்கட்டியும் சிறிது காலமேனும் நிலைக்க முடியும். இவ்விரண்டும் இல்லையெனின் ஆலங்கட்டியும் இல்லை.

பூச்சியத்துக்கு மேலே பனிக்கட்டி ஏன் உடனே அழிவதில்லை என்பதற்கு விடை கண்டவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்து ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் அவர் மாணவருக்கு எடுத்துரைத்த வாதம் எளியது. பனிக்கட்டி 0 பாகையை அடைந்தபின் இன்னும் சிறிதளவு வெப்பம் கிடைத்த மாத்திரத்தே முழுவதும் உருகிவிடுமாயின், குளிர்கால முடிவில் மலைகளிற் குவிந்த பனி அனைத்தும் ஒரே நாளில் நீராகி ஊர்களை அடித்துச் சென்றுவிட வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை, வாரக்கணக்காக மெல்ல மெல்லக் கரைகிறது. எனவே உருகுவதற்கென்றே பெருமளவு வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் வெப்பமானியில் தோன்றாது மறைந்து நிற்கும். மறைவெப்பம் என்று நாம் இதனை வழங்குகிறோம். ஒரு கிராம் பனிக்கட்டியை அதே 0 பாகையில் நீராக்க ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். அதே கலோரிகள் ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானவை. பாய்ச்சலுக்கு விலையுண்டு, விலையைச் செலுத்தக் காலம் பிடிக்கும்.

பிளாக்கின் ஆராய்ச்சி தனியொருவரின் சிந்தனையிலிருந்து முளைத்ததன்று. வடிசாலைகளின் எரிபொருட் செலவு அக்காலத்து ஸ்கொட்லாந்தில் நடைமுறைப் பிரச்சினையாக இருந்தது. அதே பல்கலைக்கழகத்திற் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட், நீராவி எந்திரம் ஏன் இவ்வளவு எரிபொருளை விழுங்குகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். நீராவியின் மறைவெப்பம் பற்றிய தெளிவை பிளாக்கிடம் பெற்றார். கைத்தொழிற் புரட்சியின் அடுப்படியிற் பிறந்த கோட்பாடு இது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அதே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் பலர் எமது மலைகளிலே காட்டை அழித்துத் தோட்டமிட்டு, தம் ஊர்ப்பெயர்களையும் இட்டனர். வெப்பமானியும் மழைமானியும் அவர்களோடு வந்தன. பிளாக்கின் விளக்கம் லயத்துக்கு வந்து சேரவில்லை.

குளிர் நாடுகளின் வெண்பனியை முதலில் விளக்கிவிடுவது எளிது. வளிமண்டலத்தில் ஒரு கிலோமீற்றர் மேலே செல்லச் செல்லச் சராசரியாக ஆறரைப் பாகை குறையும். நிலத்தில் 2 பாகை எனின், ஏறத்தாழ 300 மீற்றர் மேலேயே பூச்சியப் பாகை தொடங்கிவிடுகிறது. பனித்துகள் பஞ்சுபோன்றது, செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவிலேயே இறங்கும். சூடான அந்த 300 மீற்றரைக் கடக்க அதற்கு ஐந்து நிமிடம் போதும். சுற்றியுள்ள வளி ஓரிரு பாகையே சூடாயிருப்பதால், அந்த ஐந்து நிமிடத்தில் உருகலுக்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் அது கொடுத்து முடிப்பதில்லை. ஆகவே துகள் துகளாகவே நிலத்தை அடைகிறது.

இதனோடு இன்னும் இரண்டு காரணிகள் சேர்கின்றன. வளி உலர்ந்திருந்தால், துகளின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும். ஆவியாவதற்கும் மறைவெப்பம் வேண்டும். அது உருகலுக்கானதை விடப் பன்மடங்கு பெரிது, கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி. ஒரு கிராம் ஆவியாகும்போது பறிக்கும் வெப்பம் ஏழரைக் கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. மண்பானை நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி உலர்ந்ததைவிடக் குறைத்துக் காட்டுவதும் இதனாலேயே. இறங்கும் துகள் தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டு வருகிறது எனலாம். ஆதலாற் பனி விழுமா, மழை விழுமா என்பதை அறிய விரும்பும் வானிலையாளர் உலர்குமிழ் வெப்பமானியை விட ஈரக்குமிழ் வெப்பமானியையே நம்புவர். ஈரக்குமிழ் பூச்சியத்தை அண்டி நின்றால், உலர்குமிழ் 3 அல்லது 4 பாகை காட்டினும் வெண்பனி விழக்கூடும்.

மற்றையது உருகலே விளைவிக்கும் குளிர். முதலில் இறங்கும் துகள்கள் உருகும்போது தமக்கு வேண்டிய வெப்பத்தைச் சூழவுள்ள வளியிலிருந்தே எடுக்கின்றன. வளி குளிர்கிறது. பின்வருவன அதிகம் உருகாது இன்னும் கீழே இறங்குகின்றன. மழையாகத் தொடங்கியது ஒரு மணி நேரத்தில் வெண்பனியாக மாறுவதைப் புலம்பெயர்ந்தோர் கண்டிருப்பர். முன்னே சென்றவை தாம் அழிந்து பின்னே வருவனவற்றுக்கு வழி திறக்கின்றன. இவ்வுவமையை இதற்கு மேல் நீட்டுவது முறையன்று. நிலமே சூடாயிருந்தாலும் விழும் வேகம் உருகும் வேகத்தை மிஞ்சுமாயின் பனி நிலத்திற் படியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அங்ஙனமாயின் இரத்தினபுரியில் ஏன் வெண்பனி விழுவதில்லை? விடை தூரத்திலும் ஈரத்திலும் உள்ளது. இரத்தினபுரி நகரம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ நூறு அடி உயரத்திலேயே இருக்கிறது. இலங்கைக்கு மேலே பூச்சியப் பாகை ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் உயரத்திலேயே தொடங்குகிறது. மாவட்டத்தின் எல்லையில் நிற்கும் சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர். இவை அவ்வுயரத்தின் பாதியை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஐந்து கிலோமீற்றர் மேலிருந்து புறப்படும் பனித்துகள் அதே வேகத்தில் நிலத்தை அடைய வேண்டுமாயின் 80 நிமிடங்களுக்கு மேற்பட்ட காலம் 10, 20, 30 பாகை வளியினூடே வரவேண்டும். அது முதற் சில நூறு மீற்றரிலேயே உருகித் துளியாகிவிடும். எமது வளி ஈரத்தால் நிறைந்தது. ஆவியாகித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வாய்ப்பும் துகளுக்கு இல்லை.

ஆனால் வெண்பனி விழவில்லை என்று கூறுவது முழு உண்மையாகாது. அது நிலத்தில் விழவில்லை என்பதே சரி. சித்திரை மாதத்து இடிமுகில் ஒவ்வொன்றின் மேற்பாதியிலும் பனி பொழிந்துகொண்டே இருக்கிறது. இதனைத் தெளிவாக்கியோருள் ஒருவர் சுவீடன் நாட்டு வானிலையாளர் தோர் பெர்ஜெரோன். 1922 இன் தொடக்கத்தில் ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள வோக்சன்கொல்லன் என்னும் மலைவிடுதியில் தங்கியிருந்தபோது, ஊசியிலைக் காட்டுப் பாதையிலே அவர் ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலிருந்த நாளில் மூடுபனி மரங்களிடையே நிலம்வரை நிறைந்திருந்தது. கடுங்குளிர் நாளிலோ பாதையில் மூடுபனி இறங்கவில்லை. இலைகளிற் படிந்த உறைபனி, சூழவுள்ள நீராவியைத் தன்பால் இழுத்துக்கொண்டதால் மூடுபனித் துளிகள் ஆவியாகி மறைந்தன என அவர் ஊகித்தார். குளிர்ந்த முகிலிலும் இதுவே நிகழும்: பனிப்படிகம் வளரும், அருகிலுள்ள நீர்த்துளிகள் மெலியும். வெகனர் 1911 இல் தொட்டுக்காட்டிய இக்கருத்தை பெர்ஜெரோன் 1933 இல் லிஸ்பனிற் கூடிய அறிஞர் முன்னிலையில் விரித்துரைத்தார். பின்டைசன் 1938 இல் மேலும் வளர்த்தார். இன்று எம்மவர் பலர் வாழும் அதே ஒஸ்லோவின் காட்டுப் பாதை இரத்தினபுரி மழையின் ஒரு பாதியை விளக்கப் பயன்பட்டது.

ஒரு பாதி என்று கூறுவதற்குக் காரணமுண்டு. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி நாட்கணக்கிற் பொழியும் மழையிற் பெரும்பங்கு உறைநிலையை எட்டாத தாழ்முகில்களிலிருந்து வருவது. அங்கே துளியோடு துளி சேர்ந்தே மழை உண்டாகிறது, பனிக்கட்டிக்கு வேலையில்லை. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நிலை வேறு. அப்பருவங்களில் காற்று மந்தமாகும். காலை வெயிலாற் சூடேறிய தரை, அதன்மேலுள்ள ஈரவளியை எழுப்புகிறது. மேற்குக் கரையிலிருந்து கடற்காற்று உட்புகுந்து சப்பிரகமுவக் குன்றுகளில் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து பிற்பகலில் முகில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் வரை எழுகின்றது. ஆலங்கட்டி ஆனி, ஆடியில் விழாது பங்குனி, சித்திரையில் விழுவது இதனால்தான்.

இம்முகிலின் நடுப்பகுதியிற்றான் ஹெகல் குறித்த விந்தை பேரளவில் நிகழ்கின்றது. மேலே தூக்கப்பட்ட நுண்துளிகள் பூச்சியத்தைக் கடந்தும் உறைவதில்லை. உறைவதற்கு ஒரு கருவேண்டும். தூசியோ வேறு துகளோ கிடைக்காத தூய நுண்துளி பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 பாகை வரையிலும் நீராகவே நிற்கக்கூடும். இந்த மீக்குளிர்ந்த துளிகளினூடே ஒரு பனியுருண்டை செல்லுமாயின், அதனைத் தொட்ட துளி தொட்ட கணத்தில் உறையத் தொடங்கும். உருண்டை பருக்கும். கீழிருந்து எழும் காற்று அதனை ஏந்தி நிற்கும். ஏந்தும் வலிமை உள்ளவரை அது வளரும். ஆலங்கட்டியை இரண்டாக வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல வெண்மையும் தெளிவுமான அடுக்குகள் தெரிவதுண்டு. விரைந்து உறைந்தபோது வளிக்குமிழ்கள் சிறைப்பட்டு வெள்ளையாகவும், மெல்ல உறைந்தபோது தெளிவாகவும் அவ்வடுக்குகள் அமைகின்றன. கையில் அரைநிமிடம் தங்கும் அக்கட்டி தான் கடந்துவந்த இடங்களின் குறிப்பேடாக இருக்கிறது.

காற்றால் ஏந்த முடியாத பாரத்தை எட்டியதும் அது விழும். இப்பொழுது வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. பனித்துகள் செக்கனுக்கு ஒரு மீற்றர் இறங்க, நெல்லிக்காயளவு ஆலங்கட்டியோ செக்கனுக்குப் பதினைந்து மீற்றர் அளவில் விழும். முகிலிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் குளிர்காற்று அவ்வேகத்தைக் கூட்டும். ஐந்து கிலோமீற்றரையும் ஐந்தாறு நிமிடத்திற் கடந்துவிடுகிறது. வரும் வழியெல்லாம் உருகித்தான் வருகிறது. ஆனால் பருமனானவற்றுக்குப் பாரத்தோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு குறைவு. வெப்பம் உட்புகும் வாயில் சிறிது. நெல்லிக்காயாகப் புறப்பட்டது கொண்டைக்கடலையாக முற்றத்தில் விழுகிறது. கொண்டைக்கடலையாகப் புறப்பட்டது நிலத்துக்கு வருவதேயில்லை. பெரிய, குளிர்ந்த துளியாக விழுகிறது. இடிமழை தொடங்கும்போது தோளில் அறையும் சில்லென்ற பெருந்துளிகள் பல அவ்வாறு உருகிப்போன ஆலங்கட்டிகளே. உயரமான தோட்டங்களில் ஆலங்கட்டி கூடுதலாகக் காணப்படுவதும் இதனோடு பொருந்தும். அங்கே பயணம் ஓரிரு கிலோமீற்றர் குறைவு.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியையும் ஒரு வார்த்தையிற் கூறிவிடலாம். நுவரெலியாவிலும் நீலகிரியிலும் தெளிந்த வானமுள்ள குளிர்கால இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைவிற் குளிர்கிறது. ஆளுயரத்தில் வெப்பமானி 2, 3 பாகை காட்டும்போதே புல்லும் கொழுந்தும் பூச்சியத்துக்குக் கீழே சென்று உறைபனியாற் கருகிவிடும். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரியிற் குடியேறியவர்களுள், புழுக்கமான தாழ்நிலத் தோட்டங்களிலிருந்து சென்றோர் இந்த உறைபனியை அங்கேதான் முதன்முதலிற் கண்டிருத்தல் கூடும். ஆலங்கட்டியில் நிலத்து வெப்பமானி மேலே நடப்பதை அறியாது. உறைபனியில் ஆளுயர வெப்பமானி கீழே நடப்பதை அறியாது. எங்கே வைத்து அளக்கிறோம் என்பது இரண்டிலும் முதற்கேள்வி.

இவ்வளவும் ஒரு வேடிக்கைக் காட்சியின் விளக்கமாக மட்டும் இருந்திருப்பின் நாம் இதனை எழுதியிரோம். இம்முகிலின் பனிக்கட்டி இன்னொன்றையும் விளைவிக்கின்றது. மீக்குளிர்ந்த துளிகள் நிறைந்த அதே நடுப்பகுதியில், கீழ்நோக்கி வரும் பாரமான பனியுருண்டைகளும் மேல்நோக்கிச் செல்லும் இலேசான படிகங்களும் ஓயாது உரசுகின்றன. ஒவ்வோர் உரசலிலும் சிறிது மின்னேற்றம் கைமாறுகிறது. படிகங்கள் நேரேற்றத்தோடு உச்சிக்குச் செல்ல, உருண்டைகள் பெரும்பாலும் எதிரேற்றத்தோடு நடுவில் தங்குகின்றன. இப்பிரிவினை மிகுந்து தாங்கவியலாதபோது மின்னல் பாய்கிறது. பனிக்கட்டியை எட்டாத பருவக்காற்று முகில்களில் இடி அரிதாயிருப்பதும் இடைக்கால முகில்களில் மிகுந்திருப்பதும் இதனாலேயே. ஆலங்கட்டி நிலத்தில் விழுந்தாலும் சரி, வழியில் உருகினாலும் சரி, மேலே பனிக்கட்டி உண்டு என்பதற்கு இடியே சான்று. இலங்கையில் மின்னல் மிகுந்த பகுதிகளுள் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவும் சப்பிரகமுவவும் அடங்கும். மின்னலாற் சாவுகள் கூடுதலாக நிகழும் மாதம் சித்திரையை ஒட்டியது.

இங்கே உழைப்பின் நேர ஒழுங்கு குறுக்கிடுகிறது. இறப்பர் பால் விடியற்குளிரில் நன்கு வடியும். ஆதலாற் பால்வெட்டு வைகறையிற் தொடங்கி நண்பகலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பால்வெட்டுவோருக்கு மழையால் வரும் இழப்பு வேறு: பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் அன்றைக்குப் பேர் இல்லை. கொழுந்தெடுப்போ பிற்பகல் வரை தொடர்வது. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். மரமற்ற திறந்த சரிவிலே, தேயிலை இடுப்பளவே உயர, அவர்களே அங்கு மிகவுயர்ந்த பொருளாக நிற்கின்றனர். இடிமுகில் எழும் நேரமும் மாலை நிறுவைக்கு முன் கூடையை நிரப்ப வேண்டிய நேரமும் ஒன்றே. குறித்த அளவு கிலோ சேராவிடில் அரைப்பேர். ஆகவே முதல் இடி கேட்டதும் மலையிலிருந்து இறங்குவது அறியாமையாலோ துணிச்சலாலோ தடைப்படுவதில்லை. நிறுவைத் தராசே தடுக்கிறது. ஆலங்கட்டி கொழுந்தைக் கிழித்த பின்னரும், புதுத் துளிர் வரும்வரை கூடை நிரம்புவது கடினம். அக்குறைவும் தொழிலாளியின் பேரிலேயே விழுகிறது.

தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் பதியும் வழக்கம் துரைமார் காலத்தது. வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு மழைவீழ்ச்சித் தரவு தரும் நிலையங்களிற் பல இன்றும் தோட்டங்களிலேயே உள்ளன. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் இரத்தினபுரிப் பகுதியின் மழை வரலாற்றை நாம் அறிவது பெருமளவு இப்பதிவேடுகளாலேயே. மறுநாட் காலையில் மழைமானியைப் பார்ப்பவருக்கு ஆலங்கட்டியும் நீராகவே தெரியும். இத்தனை மில்லிமீற்றர் என்று எழுதப்படும். எத்தனை மணிக்கு இடித்தது, அப்போது எந்த மலையில் எத்தனைபேர் நின்றனர் என்பதற்கு அதில் இடமில்லை. அப்பதிவேடு பயிருக்காக வைக்கப்பட்டது.

மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணினால் முகிலின் தூரத்தை அறியலாம்; மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. திறந்த வெளியை விட்டு நீங்க வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரைமணி கழியும்வரை திரும்பலாகாது. தனிமரத்தடி தஞ்சமாகாது. உலகெங்கும் சொல்லப்படும் இவ்விதியைப் பின்பற்ற எந்தக் கருவியும் வேண்டியதில்லை. இதனைத் தோட்டப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பிலேயே கற்பித்துவிடலாம். பிள்ளை தாய்க்குச் சொல்லும். எண்ணி முடித்த தாய் கூடையோடு இறங்கி வந்தால், சித்திரையின் பிற்பகல்களில் அவ்வாறு இழக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நிறுவையில் எவ்வாறு கணிக்கப்படும் என்பது தொழிற்சங்கங்கள் கம்பனிகளோடு பேசவேண்டிய விடயம். சம்பளப் பேச்சுவார்த்தைகளில் நாட்கூலியும் கிலோ அளவும் பேசப்படுகின்றன. இடிநேரத்துக்குப் பேர் உண்டா என்னும் கேள்வியும் அந்த மேசைக்கே உரியது.